மாமனாரைப் பெஞ்சில் உட்கார வைத்த கதை

இந்தியக் கால்பந்து அணி தோற்றால் நாட்டில் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போவதில்லை. மறுநாள் டீக்கடையில் யாரும் விசாரிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அங்கங்கே தெருவுக்கு ஒருவர் இருவர் என்று, அந்தத் தோல்வியைச் சொந்த வீட்டுத் துக்கமாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு கோச். கும்மிடிப்பூண்டியில் எங்கள் பகுதியில் அப்படி இரண்டு கோச்சுகள் உண்டு. ஒருவன் நான். இன்னொருவர் என் மாமனார்.

ஒரே குடும்பத்தில் இரண்டு கோச்சுகள் இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அன்று நான் எடுத்த முடிவு சரியான முடிவு. என் மனைவி, அவள் அம்மா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற மொத்தச் சனமும் எதிர்ப்பக்கம் நின்றாலும் அது சரியான முடிவுதான். நடந்தது பேரழிவு, அதை நான் மறுக்கவில்லை. சரியான முடிவு எடுத்தும் பேரழிவு நடக்கும் என்பது நம் அணியைத் தொடர்ந்து பார்க்கிற யாருக்கும் புதிதல்ல.

மாமனார் பெயர் ஆரோக்கியசாமி. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்கள் சர்ச் கால்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன், அவர்தான் சென்டர் ஃபார்வர்டு. எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. தலையில் முடி இருந்த காலத்திலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். நான் தேர்வாய் கண்டிகையில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிற ஒரு பொருளைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தேறாது என்று ஒதுக்கி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். (இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடும் என்று நம்பித்தான் பெண் கொடுத்தார்கள்.)

பெண் பார்க்கப் போனபோது மாமனார் என் வேலையைப் பற்றியோ சொந்த வீடு பற்றியோ எதுவும் கேட்கவில்லை. ஃபுட்பால் பார்ப்பீர்களா என்றார். பார்ப்பேன் என்றேன். எந்த டீம் என்றார். என் வயதுப் பையன்கள் எல்லோரும் ஐரோப்பிய கிளப் ஒன்றின் பெயரைச் சொல்வார்கள். நான் நம்ம நாட்டு டீம்தான் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு வியர்த்தது. உள்ளே அவர் என்ன சொன்னார் என்று என் மனைவி மெர்சி கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள்: "பையன் நல்ல பையன். கஷ்டத்துக்குப் பழகினவன்."

கல்யாணமான புதிதில் இந்தியா ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் மாமனார் வீட்டில் ஆஜர். அத்தை வஞ்சிர மீன் வறுப்பார். நடுத்துண்டு எனக்கு. மெர்சி செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை சமையலறையிலேயே இருப்பார். அத்தைக்குக் கால்பந்து பிடிக்காது. கல்யாணம் ஆனதிலிருந்து மண் அப்பிய ஜெர்சிகளைத் துவைத்தவருக்கு அது பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படி ஒரு சாயங்காலம் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்று. எதிரணி ஒரு குட்டி நாடு. உலக வரைபடத்தில் அந்த நாட்டைவிட அதன் பெயர்தான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆட்டம் முழுக்கப் பந்து நம் காலில்தான் இருந்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், கொஞ்சம் பின்னால், மறுபடி இடம் என்று தரை துடைக்கிற மாதிரி ஆடினார்கள். கடைசியில் அவர்களுக்கு ஒரே ஒரு கார்னர் கிடைத்தது. ஒரு ஆள் தலையைக் கொடுத்தான். முடிந்தது.

மாமனார் டிவியை அணைத்தார். அணைந்த டிவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் எங்கள் வேலையைத் தொடங்கினோம்.

முக்கால்வாசி விஷயங்களில் நாங்கள் ஒரே கட்சி. நம் கிளப்புகளெல்லாம் கோல் போடுகிற இடத்துக்கு வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்து வைத்தால் நம் பையன்கள் எங்கே போய்ப் பழகுவார்கள் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கோச் நாலு டிஃபெண்டரை வைத்துக்கொண்டு ஐந்தாவதாக ஒருவரைத் தேடுகிறார் என்பதிலும் இல்லை. லெஃப்ட் விங்கில் பறக்கிற பையனை ரைட் பேக்கில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது மாமனார் என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குச் சூடு ஏறியிருந்தது. ஸ்ட்ரைக்கர் விஷயத்தை எடுத்தேன். இத்தனை வயதான ஆளை ஏன் இன்னும் டீமில் வைத்திருக்கிறார்கள், ஒரு இளசுக்கு இடம் விட்டால் என்ன என்று கேட்டேன்.

மாமனார் கையைத் துடைத்துக்கொண்டார். "கால் ஸ்லோவாவும் மாப்ள. மூள ஸ்லோவாவாது. பந்து எங்க வரும்னு அவனுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிக்கினு இன்னா மாமா பண்றது? அங்க போய்ச் சேரணும் இல்ல?"

மெர்சி என் தொடையைக் கிள்ளினாள். புதுக் கல்யாணம் அல்லவா, நான் அதை ஆசையாகக் கிள்ளியதாக எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பேசினேன். வயதான ஸ்ட்ரைக்கரை ஒரு டீம் தாங்கிக்கொண்டிருந்தால் மற்ற பத்துப் பேரும் அவருக்காகவும் சேர்த்து ஓட வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். மாமனார் கேட்டுக்கொண்டார். தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார். நான் நாட்டு அணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று இன்றும் பைபிளில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

எங்கள் சர்ச் திருவிழாவில் தேர்பவனிக்கு முதல் நாள் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். எதிரணி, இரும்பு ஆலை ஹாஸ்டலில் தங்கியிருக்கிற தொழிலாளர்கள். மணிப்பூர், ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து ஆடுவார்கள். வருஷா வருஷம் எங்களை ஜெயித்துவிட்டுப் போய்த் தூங்குவார்கள். எங்கள் அணிக்குச் செக்ரட்டரி, வாட்டர் கேன் போடுகிற ஜெயராஜ். நான் டீக்கடையில் பேசுவதையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். இந்தியாவுக்கே டீம் எடுக்கிற மாப்பிள்ளை நமக்கு எடுத்தால் என்ன என்று ஒருநாள் மாமனாரிடமே வந்து கேட்டார். மாமனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம ஊட்டு ஆளு. அவரே பண்ணட்டும்" என்று என் முதுகில் தட்டினார்.

அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மெர்சிக்குப் புரிந்தது. அத்தைக்குப் புரிந்தது. ஜெயராஜுக்கும் புரிந்திருக்கும். எனக்கு மட்டும், இந்தியக் கால்பந்தின் எதிர்காலம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பிக்கப்போகிறது என்று புரிந்தது.

நான் அறிவியல் முறைப்படி இறங்கினேன். தொழிற்பேட்டை ரோட்டில் விடியற்காலையில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் பார்த்தேன். முதலில் வந்தவன் ரூபன், எங்கள் கம்பெனியில் டிரெய்னி. அவன் ஓடுவதைப் பார்த்தால் ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள். கடைசியாக வந்தவர் மாமனார். வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துவிட்டு, கையில் பால் பாக்கெட்டோடு வந்தார். "வர்ற வழிதான, அப்டியே வாங்கியாந்துட்டேன்" என்றார். என் குவாலிட்டி மூளை அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டது.

டீமை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். சென்டர் ஃபார்வர்டு ரூபன். ஆரோக்கியசாமி என்ற பெயர் பட்டியலின் அடியில், தண்ணி கேன் கொண்டுவருகிறவரின் பெயருக்கு ஒரு வரி மேலே இருந்தது.

மெர்சி செல்போனை வெகுநேரம் பார்த்தாள். "இன்னாங்க, நைனா பேரு கடைசில கீது. கீழருந்து மேல எழுதினீங்களா?"

"இல்ல. அது சப்ஸ்டிட்யூட்."

"அப்டின்னா?"

"யாருக்காச்சும் அடிபட்டா எறங்குவாரு."

யாருக்கு அடிபட வேண்டும் என்பதில் அவளுக்கு அப்போதே ஒரு தெளிவு வந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அத்தை இலை போட்டார். சாம்பார் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சனத்தில், புது மாப்பிள்ளைக்கு, முருங்கைக்காய் சாம்பார். பக்கத்து வீட்டிலிருந்து மட்டன் குழம்பு வாசனை ஜன்னல் வழியாக வந்து என் இலையைச் சுற்றிவிட்டுப் போனது. அப்பளமாவது இருக்கிறதா அத்தை என்று கேட்டேன். அடிபட்டால் கொண்டுவருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது. என்னைக் கலங்கடித்தவர் மாமனார்தான். அவரும் அதே சாம்பாரைப் பிசைந்து சாப்பிட்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கோச் சொன்னால் கேட்டுக்கணும், அதுதான் டீம் என்று அத்தையிடமே சொன்னார். தினமும் பயிற்சிக்கு முதல் ஆளாக வந்தார். பூட்ஸுக்கு எண்ணெய் போட்டார். ரூபனுக்குக் கார்னரில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போட்டி நாள் வந்தது. திருவிழாவுக்குக் கட்டிய மைக் செட் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். மைக் ஜெயராஜ் கையில். ஆட்டம் தொடங்கும் முன் பெருமையாக அறிவித்தார்: "இந்த வருஷம் நம்ம டீம செலக்ட் பண்ணவரு, நம்ம ஆரோக்கியம் அண்ணன் மாப்ள." கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார், ஜெர்சியை டக்-இன் செய்து, பூட்ஸ் கட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் பெண்கள் கூட்டத்தில் அத்தையும் மெர்சியும். அத்தை முதல் முறையாக மைதானத்துக்கு வந்திருந்தார். அவர் பந்தைப் பார்க்க வரவில்லை என்பது அவர் பார்வை எங்கே நிலைத்திருந்தது என்பதிலிருந்து தெரிந்தது.

என் திட்டம் நவீனமானது. கோல் கீப்பர் பந்தை ஓங்கி உதைக்கக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவருக்கு அழகாகப் பாஸ் செய்ய வேண்டும். டிஃபெண்டர்கள் பின்னால் பதுங்கக் கூடாது, நடு மைதானம் வரை ஏறி நிற்க வேண்டும். உலகமே அப்படித்தான் ஆடுகிறது. எங்கள் கீப்பர் அழகாகப் பாஸ் செய்தார். பக்கத்தில் நின்ற ஆள் எதிரணிக்காரராக இருந்தார், அவ்வளவுதான். கோல். ஜெயராஜ் மைக்கில், "கோல். நம்ம டீம செலக்ட் பண்ணவரு, ஆரோக்கியம் அண்ணன் மாப்ள" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. பாவம், அவர் தயார் செய்து வைத்திருந்தது அந்த ஒரு வரிதான். அடுத்த கோல், ஏறி நின்ற எங்கள் டிஃபெண்டர்களின் பின்பக்கம் விரிந்து கிடந்த காலி மைதானத்தில் ஒரு மணிப்பூர்ப் பையன் காலை நடை போகிற மாதிரி போய்ப் போட்டது. மறுபடி ஆரோக்கியம் அண்ணன் மாப்ள. ரூபன் மின்னல் மாதிரி ஓடினான். ஒவ்வொரு தடவையும் பந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து ஆஃப்சைடில் நின்றான். இடைவேளைக்குள் ஆரோக்கியம் அண்ணன் மாப்பிள்ளை யார் என்பது ரயில்வே கேட்டில் காத்திருந்த லாரிக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டாம் பாதியில் கூட்டம் மாமனார் பெயரைக் கத்த ஆரம்பித்தது. முதலில் இளைஞர்கள், பிறகு பெண்கள் பக்கம். கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் மிட்ஃபீல்டர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வேறு வழியில்லை. மாமனார் பக்கம் திரும்பி, இறங்குங்க மாமா என்றேன்.

அவர் எழவே இல்லை. "நீங்க எறங்குங்க மாப்ள. உங்க பிளானு உங்களுக்குத்தான் தெரியும்."

குரலில் கோபமே இல்லை. குனிந்து, தன் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, கழற்றி என் முன்னால் வைத்தார். நான் செருப்பில் வந்திருந்தேன். இந்த இடத்தில் ஒரு தகவல் சொல்ல வேண்டும். நான் கால்பந்து ஆடியதே இல்லை. பார்த்திருக்கிறேன், பேசியிருக்கிறேன், இரண்டிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆடியதில்லை. ஆனால் மைக் செட், அத்தை, ரயில்வே கேட், எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். ஒரு சைஸ் பெரிது. ஒவ்வொரு அடிக்கும் என் கால் முதலில் போக, பூட்ஸ் பின்னாலேயே வந்தது.

இறங்கியதும் எதிரணிக்கு ஒரு கார்னர். நான் கோல் வாசலில் போய் நின்றேன். அங்கே நின்றால் பந்து வராது என்று ஒரு கணக்கு. பந்து வந்தது. வானத்திலிருந்து நேராக என்னைக் குறிவைத்து இறங்கியது. டிவியில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எகிறினேன். நெற்றியில் பட்டது. அவ்வளவு சுத்தமான ஹெட்டரை அந்த மைதானம் அதற்கு முன் பார்த்திருக்காது. எங்கள் கீப்பர் அசையக்கூட இல்லை. வலை மட்டும் அசைந்தது.

எதிரணி கேப்டன் வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

மைக்கில் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயராஜ் யோசித்துக்கொண்டிருந்தார். சேம் சைடு கோல் என்று சொன்னால் ஆரோக்கியம் அண்ணன் குடும்பத்துக்கு அவமானம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் மரியாதையாகவே அறிவித்தார்: "கோல். இது... மாப்ள கோல்."

மைதானம் சிரித்தது பாருங்கள், ஃபாதர் அங்கியால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். மெர்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. (சிரித்தாளாம். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறாள்.)

மாமனார் வெறுங்காலோடு கோட்டருகே வந்து நின்றார். "மாப்ள, பூட்ஸக் கழட்டிக் குடுங்க" என்றார்.

அவர் இறங்கியதும் கும்மிடிப்பூண்டியே விசிலடித்தது. தோற்பது உறுதியாகிவிட்ட ஆட்டத்தில் யாரும் கலைந்து போகவில்லை. ஒரே ஒரு கோல், அண்ணன் ஒரே ஒரு கோல் போட்டால் போதும் என்பது எல்லோருடைய ஆசையும். கடைசி நிமிடங்களில் அது நடக்கப் பார்த்தது. ரூபன் ஓரத்தில் இரண்டு பேரைத் தாண்டி, கீப்பரையும் வெளியே இழுத்து, பந்தைக் குறுக்கே தள்ளினான். அது எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. மாமனாருக்குத் தெரிந்திருந்தது. சரியாக அந்த இடத்தை நோக்கி அவர் முன்பே கிளம்பிவிட்டார். எதிரே கோல் போஸ்ட் காலி. நான் என்னை மறந்து எழுந்து நின்றேன். பந்து வந்தது, அவர் காலும் வந்தது. பந்து கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. அவர் ஓங்கி உதைத்த இடத்தில் புழுதி மட்டும் கிளம்பியது. பந்து அந்தப் பக்கமாக உருண்டு சீமைக் கருவேல மரங்களுக்குள் போய்விட்டது.

கூட்டம் அதற்கும் எழுந்து நின்று கைதட்டியது. என் பின்னால் ஒருவர், ஒரே இடத்தில் உட்கார வைத்து உட்கார வைத்து அண்ணன் காலை மரத்துப்போக வைத்துவிட்டான் மாப்பிள்ளை என்று ஆத்திரப்பட்டார். சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். ஆக, என் மாமனார் காலி கோல் போஸ்டில் கோட்டைவிட்டதற்கும் நான்தான் காரணம். ரசிகர்கள் இப்படித்தான். நானே நாட்டு அணி விஷயத்தில் எத்தனை கோச்சுகளை இதே மாதிரி திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது அத்தையும் மெர்சியும் ஆட்டோவில் போய்விட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மாமனார் என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். மண் ஒட்டிய பூட்ஸ் அவர் மடியில். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லலாமா என்று பார்த்தால், எதற்கு மன்னிப்பு என்று மனசு வீம்பு பிடித்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். அப்போது அவர் என் காதருகே குனிந்தார்.

"அந்தப் பந்து ரூபனுக்கு வந்திருந்தா போட்டிருப்பான் மாப்ள."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செலக்‌ஷன்ல தப்பு இல்ல," என்றார். "உங்க அத்தகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவ இன்னிக்குத்தான் மொத தபா கிரவுண்டுக்கு வந்துகிறா."

நான் சொல்லவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ரூபன்தான் சென்டர் ஃபார்வர்டு. மாமனார், மாப்பிள்ளை நம்மை அசிங்கப்படுத்தியதால் மனசு விட்டுப்போய்ப் பூட்ஸைக் கழற்றிவிட்டார் என்றுதான் ஊர் நம்புகிறது. அவரும் அதை மறுப்பதில்லை. (சில சமயம் பெருமூச்சு வேறு விடுகிறார். அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.) அணிக்கு இப்போது அவர் கோச். எனக்கு அந்தப் பக்கம் போக அனுமதி உண்டு, பேச அனுமதி இல்லை.

ஆனால் ஜெயராஜ் மைக்கில் சொன்ன அந்த இரண்டு வார்த்தை எங்கள் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ரசத்தில் இரண்டு முறை உப்பு விழுந்தால் அது மாப்ள கோல். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் மாப்ள கோல். மெர்சியின் சித்தப்பா மகன் தான் எழுதிய விடுப்பு மெசேஜை மேனேஜருக்கு அனுப்புவதற்குப் பதில், தான் போட்டிக் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிற செய்தியை அனுப்பிவிட்டான். அது பெரிய மாப்ள கோல். ஆரம்பத்தில் நான் கோபித்துக்கொண்டேன். என் பெயரைச் சொல்லாமலே என்னைத் திட்டுகிற வசதியை ஒரு குடும்பத்துக்கே செய்துகொடுத்திருக்கிறேன் என்று பிறகு பெருமைப்பட ஆரம்பித்தேன்.

போன மாதம் இந்தியா மறுபடி ஆடியது. நானும் மாமனாரும் டிவி முன்னால். ஸ்ட்ரைக்கராக ஒரு இளம் பையன், இருவருக்கும் திருப்தி. கோச் மட்டும் மறுபடியும் ஐந்தாவது டிஃபெண்டரை எடுத்திருந்தார். இதைப் பற்றி நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது எதிரணிக்கு ஒரு கார்னர். அந்த ஐந்தாவது டிஃபெண்டரே எகிறி, அழகாக, நம் வலைக்குள்ளேயே தலையால் தள்ளினார்.

எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. சமையலறையில் மீன் வறுபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருஷத்தில் கால்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத என் அத்தை, அடுப்பை விட்டுத் திரும்பாமலே கேட்டார்:

"இன்னாங்க, மாப்ள கோலா?"